வாழைச்சேனையிலிருந்து திரும்பாத பயணம்: ஹேபியர் பாதரை நினைக்கிறேன்

ஓகஸ்ட் மாதம் பிறந்தால் எங்கள் கரையோரத்தில் துக்க நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 3ஆம் திகதி காத்தான்குடி. 11ஆம் திகதி இரவு ஏறாவூர். 12ஆம் திகதி வீரமுனை. எல்லாம் 1990ஆம் ஆண்டின் கணக்கு. நற்பிட்டிமுனையில் இருந்து பார்த்தால் வடக்கிலும் தெற்கிலும் இரண்டு பக்கமும் சாவு. அந்தப் பட்டியலில் 15ஆம் திகதியையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். கத்தோலிக்கருக்கு அது மாதாவின் விண்ணேற்புப் பெருநாள். அன்றைக்குத்தான் அருட்தந்தை யூஜின் ஜோன் ஹேபியர் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டார். கூட ஒரு தமிழ் இளைஞரும் போனார். இருவரும் வந்து சேரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை.

நான் கத்தோலிக்கன் அல்ல. மைக்கேல் கல்லூரியில் படித்தவனும் அல்ல. பாதரிடம் ஒரு நாள்கூடப் பந்து பழகியதில்லை. அப்படியிருந்தும் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் எங்கள் வளவில் நின்ற வேப்பமரத்தில் இருந்தது.

என்னுடைய பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், மட்டக்களப்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தவர். லீவுக்கு ஊருக்கு வரும்போது ஒரு பந்தோடு வருவார். எங்கள் ஊரில் அப்போது உதைபந்தாட்டம் இருந்தது, கரப்பந்தாட்டம் இருந்தது, எல்லே இருந்தது. கூடைப்பந்தாட்டம் யாருக்கும் தெரியாது. ஒரு லீவுக்கு வந்தவர் பழைய சைக்கிள் ஒன்றின் ரிம்மை எடுத்து, கம்பிகளைக் கழற்றி, வேப்பமரத்தில் ஒரு பலகையை அடித்து, பலகையில் ரிம்மைப் பூட்டினார். நிலத்திலிருந்து 10 அடி உயரம் வரவேண்டும் என்று நூல் பிடித்து அளந்தார். சைக்கிள் ரிம் உண்மையான வளையத்தைவிடப் பெரியது. அதனால் எங்கள் ஊரில் பந்து லேசாக விழும், மட்டக்களப்பில் விழாது என்று சொல்லிச் சிரிப்பார். தமிழ்ப் பக்கத்துப் பொடியன்களும் முஸ்லிம் பக்கத்துப் பொடியன்களும் அந்த ஒரு ரிம்முக்குக் கீழே நின்றோம். நற்பிட்டிமுனை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். இந்தப் பக்கம் கோயில் மணி அடித்தால் அந்தப் பக்கம் கேட்கும், அந்தப் பக்கம் பாங்கு சொன்னால் இந்தப் பக்கம் கேட்கும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பெரிய தூரம் ஒன்றும் இல்லை.

அண்ணனுக்கு அந்த விளையாட்டு வந்தது மட்டக்களப்பிலிருந்து. மட்டக்களப்புக்கு அதைப் பெரும்பாலும் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார். அவர்களில் கூடைப்பந்து என்றாலே நினைவுக்கு வரும் பெயர் ஹேபியர். எங்கள் பத்திரிகைகள் அந்தப் பெயரை ஹெபர்ட், ஹேபேர், ஹேபியர் என்று பலவிதமாக எழுதியிருக்கின்றன. அது பிரெஞ்சு வழிப் பெயர். முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் அவர்கள் விழுங்கிவிடுவார்கள். நான் ஹேபியர் என்றே எழுதுகிறேன்.

அவர் பிறந்தது 1923ஆம் ஆண்டு ஒக்டோபரில், அமெரிக்காவின் தெற்கே லூசியானா மாநிலத்தில் ஜெனிங்ஸ் என்ற சிறு ஊரில். அமெரிக்கா என்றதும் எங்களுக்கு உயரமான கட்டடங்கள்தான் கண்ணில் வரும். ஜெனிங்ஸ் அப்படியான ஊர் அல்ல. தென்மேற்கு லூசியானா நெல் விளையும் பூமி. தட்டையான நிலம், தேங்கி நிற்கும் தண்ணீர், வயல், கொக்கு, வெக்கை, புயல். அங்கிருந்து வந்த ஒருவர் எங்கள் பக்கத்து வயல்வெளியைப் பார்த்து அதிகம் திகைத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பகுதி மக்களில் பெரும் பகுதியினர் அகேடியர் என்ற பிரெஞ்சு மொழிக் குடியேறிகளின் வழிவந்தவர்கள். இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் வாழ்ந்த அவர்களை 1755ஆம் ஆண்டு தொடக்கம் பிரித்தானியர் கப்பல்களில் ஏற்றிக் கலைத்தார்கள். வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். குடும்பங்கள் வேறு வேறு கப்பல்களில் வேறு வேறு துறைமுகங்களுக்குப் போயின. பல வருடம் அலைந்து கடைசியில் லூசியானாவின் சதுப்பு நிலத்தில் பலர் குடியேறினார்கள். ஹேபியர் என்பது அவர்களிடையே பரவலாக உள்ள குடும்பப்பெயர். இடம்பெயர்வு என்ற சொல்லை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவருடைய சனத்துக்கும் விளக்கத் தேவையிருந்திருக்காது.

இளவயதிலேயே இயேசு சபையில் சேர்ந்தார். நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையினருக்கு அப்போது கிழக்கிலங்கை ஒரு மிஷன் பூமி. அதற்கு முதல் பிரெஞ்சுக் குருமார் இருந்தார்கள். திருகோணமலை மறைமாவட்டம் 1893ஆம் ஆண்டு உருவானது, மட்டக்களப்பும் எங்கள் கல்முனைப் பக்கமும் அதற்குள்தான் இருந்தன. 1947ஆம் ஆண்டு இக்னேஷியஸ் கிளெனி ஆயரானார். அவரும் இயேசு சபைக்காரர்தான். அடுத்த வருடம், இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டில், ஹேபியர் இங்கே வந்து இறங்கினார். வயது இன்னும் 25 ஆகவில்லை.

அவர் விட்டுவந்த லூசியானாவில் அப்போது கறுப்புப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி, வெள்ளைப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. ஒரே மைதானத்தில் இரண்டு பேரும் சேர்ந்து பந்து ஆட முடியாது. சட்டமே அப்படி. அந்த மண்ணிலிருந்து வந்தவர் இங்கே திருகோணமலை சூசையப்பர் கல்லூரியிலும் பின்னர் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் தமிழ், முஸ்லிம், பறங்கிப் பிள்ளைகளை ஒரே அணியில் நிறுத்திப் பயிற்றுவித்தார். இதைப் பெரிய புரட்சி என்று நான் சொல்லவில்லை. அந்தக் கல்லூரிகள் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தன. 1873ஆம் ஆண்டு தொடங்கிய மைக்கேல் கல்லூரியில் எல்லாச் சாதி சனமும் படித்தது. ஆனாலும் ஐந்து பேர் மட்டும் களத்தில் நிற்கும் ஒரு விளையாட்டில் பந்தை யாருக்குக் கொடுப்பது, யாரை நம்புவது என்ற பிரச்சினை ஒவ்வொரு கணமும் வரும். அதில் இனம் பார்த்தால் தோல்விதான்.

கூடைப்பந்தாட்டம் ஒரு புதினமான விளையாட்டு. 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் குளிர்காலத்தில் உள்ளே விளையாடுவதற்காகக் கண்டுபிடித்தது. முதலில் பழக்கூடையைத்தான் மேல்மாடத்தின் கைப்பிடியில் அடித்தார்கள், அதனால்தான் அந்தப் பெயர். பந்தைப் பிடித்துக்கொண்டு ஓட முடியாது. ஒன்றில் தட்டிக்கொண்டு போகவேண்டும் அல்லது மற்றவனுக்குக் கொடுக்கவேண்டும். உடம்பு பெலத்தைவிடக் கண்ணும் காலும் வேலை செய்யவேண்டும். உயரம் குறைந்த எங்கள் பொடியன்கள் அதில் நாடளவில் பேர் எடுத்தார்கள் என்றால் அது பயிற்சியால் வந்தது. வேறு குறுக்குவழி அந்த விளையாட்டில் இல்லை. ஒரே அடியை நூறு தரம் அடிக்கவேண்டும். வலக்கைக்காரன் இடக்கையால் தட்டப் பழகவேண்டும். அண்ணன் எங்களை வேப்பமரத்தடியில் வாட்டியது இந்த இடக்கைப் பாடத்தில்தான். வலக்கையை முதுகுக்குப் பின்னால் சாரத்தில் செருகிக்கொண்டு நிற்கச் சொல்லுவார்.

மைக்கேல் கல்லூரி அணி அகில இலங்கை மட்டத்தில் பாடசாலைச் சம்பியன் பட்டங்களை வென்றது. கொழும்பின் பெரிய கல்லூரிகள் மட்டக்களப்பு அணியென்றால் பயந்த காலம் ஒன்று இருந்தது. அங்கே பழகியவர்கள் இலங்கைத் தேசிய அணிக்கும் ஆடினார்கள். கிழக்கிலிருந்து கொழும்புக்குப் போன ஒரு பொடியன் தலைநிமிர்ந்து நிற்கக்கூடிய இடங்கள் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை. கூடைப்பந்துத் திடல் அப்படியான ஓர் இடமாக இருந்தது. அதை ஆக்கிக் கொடுத்ததில் பாதரின் பங்கு பெரிது.

இந்த இடத்தில் வெபர் அடிகளாரையும் சொல்லாமல் போவது நன்றியல்ல. அவரும் அமெரிக்க இயேசு சபைக்காரர், மட்டக்களப்பில் விளையாட்டை வளர்த்தவர். மட்டக்களப்பு நகரத்தின் வெபர் மைதானம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. இன்றைக்கு அந்த மைதானத்தில் அரசியல் கூட்டம் வைப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியுமோ தெரியாது. சரி, அதை விடுவோம்.

குடும்பம் இல்லாத மனிதர் என்று குருமாரைச் சொல்லுவோம். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அவர்களுக்கு வீடு என்பது சபை. ஆனால் ஒரு பயிற்றுவிப்பாளருக்குப் பிள்ளைகள் இல்லை என்று சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. பாதரிடம் பழகிய ஆட்கள் இன்று அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள். சிலர் கனடாவில், சிலர் அவுஸ்திரேலியாவில், சிலர் மட்டக்களப்பிலேயே. அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் தகப்பனைப் பற்றிப் பேசுகிற மாதிரித்தான் பேசுவார்கள். குறையும் சொல்லுவார்கள், கண்ணும் கலங்குவார்கள். பயிற்றுவிப்பாளரைப் பற்றி மட்டும் பேசுகிறவன் அப்படிக் கலங்க மாட்டான்.

விளையாட்டோடு அவர் நிற்கவில்லை. பள்ளிக்கூடப் படிப்பில் சோதனை பாஸ் பண்ணாத பொடியனுக்கு என்ன வழி என்ற கேள்வி எங்கள் சமூகத்தில் எப்போதும் உண்டு. பல்கலைக்கழகத்துக்குப் போகிறவன் ஊருக்கு ஒருவன் இருவர். மற்றவர்கள் வயலுக்கு, கடலுக்கு, கடைக்கு. பிறகு அரபு நாட்டுக்கு. அப்படியான பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க இயேசு சபையினர் மட்டக்களப்பில் நடத்தியது கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனம். ஈ.ரி.ஐ. என்றால்தான் எங்கள் ஆட்களுக்கு விளங்கும். அதன் பொறுப்பு ஹேபியரிடம் இருந்தது. கையில் ஒரு தொழில் இருந்தால் பொடியன் பிழைத்துக்கொள்வான் என்பது தகப்பன்மார் கணக்கு. பாதரும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி மட்டக்களப்பைப் பெயர்த்துப் போட்டது. தென்னந்தோட்டங்கள் படுத்தன, கூரைகள் பறந்தன. அதையும் அவர் இங்கேயே கண்டார். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் கண்டார். சுற்றிவளைப்பு, தலையாட்டி, இந்திய இராணுவம், இயக்கங்களுக்குள் அடிபாடு. வெளிநாட்டில் பிறந்தவருக்குப் போவதற்கு எத்தனையோ சாட்டு இருந்தது. வயதும் அறுபதைத் தாண்டிவிட்டது. போகவில்லை. மட்டக்களப்பில் பிரஜைகள் குழுவாகவும் சமாதானக் குழுவாகவும் சேர்ந்து, பிடிபட்ட பிள்ளைகளின் தாய்மாருக்காக முகாம் வாசல்களில் போய் நின்றவர்களோடு அவரும் நின்றார். அவரோடு அதே நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்த பெஞ்சமின் மில்லர் அடிகளாரும் நின்றார். மில்லர் 2019ஆம் ஆண்டு சனவரி முதலாம் திகதி இறக்கும்வரை மட்டக்களப்பிலேயே இருந்தவர்.

இனி 1990.

மார்ச் 24ஆம் திகதி இந்திய இராணுவத்தின் கடைசிக் கப்பல் போனது. இனிச் சண்டை இல்லை என்று சனம் மூச்சு விட்டது. ஜூன் 11ஆம் திகதி மறுபடி தொடங்கியது. கிழக்கில் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சூழ்ந்தார்கள், சரணடைந்த பொலிஸாரைக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். புலிகள் பின்வாங்க, இராணுவம் கல்முனைக்குள் வந்தது. அதன் பிறகு கல்முனையில் நடந்ததை நான் இங்கே விரிக்கப் போவதில்லை. அந்த நாட்களில் தமிழ்ப் பொடியன்கள் வீதியில், வீட்டில், கடையில் வைத்துப் பிடிக்கப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. ஜூன் கடைசியில் ஒரு நாள் காலை பெரியம்மாவுக்கு அரிசி வாங்கப் போன அண்ணனும் அப்படித்தான். சாரமும் சேட்டும் போட்டுப் போனவர். அவருடைய கன்வஸ் சப்பாத்து வீட்டு விறாந்தையில் இருந்தது.

அதனால் ஓகஸ்ட் மாதம் வரும்போது எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இல்லை. நாங்கள் ஊரை விட்டு உறவினர் வீடு, பள்ளிக்கூடம் என்று மாறிக்கொண்டிருந்தோம்.

ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் பள்ளிவாசல்களுக்குள் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிறு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் வீடுகளுக்குள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். இவற்றைப் புலிகள் செய்தார்கள் என்பதை எங்களில் பலர் இன்றும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறோம். புலிகள் மறுத்தார்கள் என்பதும் உண்மை. தப்பி வந்தவர்கள் சொன்னதை நாங்கள் அண்டை அயலில் நின்று கேட்டவர்கள். 12ஆம் திகதி வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழ்ச் சனத்தின்மேல் ஊர்காவல் படையினரும் சேர்ந்து வந்தவர்களும் பாய்ந்தார்கள். வீரமுனை எங்கள் ஊரிலிருந்து சில கிலோமீற்றர்தான். வயல்வெளிக்கு அப்பால் புகை தெரிந்தது. எங்கள் வேப்பமரத்தடியில் நின்று ஒன்றாகப் பந்து எறிந்த பொடியன்கள் அந்தக் கிழமையில் ஒருவரையொருவர் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். சிலர் அதுகூட இல்லை.

இந்தக் கிழமையில்தான் ஹேபியர் பாதர் வாழைச்சேனையில் நின்றார். அங்கே சனத்துக்கும் கன்னியர் மடத்து அருட்சகோதரிகளுக்கும் ஆபத்து இருந்தது. உதவுவதற்காகப் போயிருந்தார். வயது 66. இலங்கைக்கு வந்து 42 வருடம்.

வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வீதியைத் தெரிந்தவர்கள் மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். ஏறத்தாழ 30 கிலோமீற்றர். கிரான், சந்திவெளி, சித்தாண்டி, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர், தன்னாமுனை, சத்துருக்கொண்டான். தமிழூர் வரும், முஸ்லிம் ஊர் வரும், இடையில் இராணுவத்தின் தடை வரும். சாதாரண நாளில் முக்கால் மணித்தியால ஓட்டம். அன்றைக்கு ஏறாவூரில் புதைத்த மண் காய்ந்து நாலு நாள் ஆகவில்லை. தமிழரைக் கண்டால் பழி தீர்க்க வேண்டும் என்று கொதித்து நின்றவர்கள் ஒரு பக்கம். துவக்கோடு நின்ற படையினர் இன்னொரு பக்கம். புலிகள் காட்டுக்குள். வாகனம் ஓடாத வீதி. அந்த வீதியில்தான் ஒரு வயோதிபக் குருவானவர் ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் அந்தத் தமிழ் இளைஞர்.

ஏறாவூருக்குக் கிட்ட வரைக்கும் வந்தார்கள் என்று பேசப்படுகிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. உடல் இல்லை. ஸ்கூட்டர் இல்லை. யார் செய்தது என்பதற்கு ஊரில் ஆளாளுக்கு ஒரு கதை உண்டு. நான் எதையும் எழுதப் போவதில்லை. எந்த நீதிமன்றமும் எவரையும் குற்றவாளியாகக் காணவில்லை. கதையை வைத்து ஒரு சமூகத்தின்மேல் பழி போடுவதை இந்தக் கரையோரம் போதிய அளவு செய்துவிட்டது. பாதர் அதைத் தடுக்கத்தான் அந்த வீதியில் ஓடித் திரிந்தார்.

கூடப் போன இளைஞரைப் பற்றி ஒரு வார்த்தை. பாதரைப் பற்றி எழுதுகிற எல்லாக் கட்டுரையிலும் அவர் ஒரு வரியில் வந்து போவார். அமெரிக்கக் குருவானவர் காணாமல் போனது உலகச் செய்தி. தமிழ்ப் பொடியன் காணாமல் போவது அந்தக் காலத்தில் செய்தியே இல்லை. நானும் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. மறந்து அல்ல. அந்தக் குடும்பத்தின் துயரத்தை இன்னும் ஒரு தரம் வீதிக்கு இழுக்க மனம் வரவில்லை. ஆபத்தான வீதி என்று தெரிந்தும் அவர் அந்தப் பின் சீற்றில் ஏறினார் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன். பாதருக்கு வெள்ளைத் தோல் இருந்தது, குருவானவர் என்ற மரியாதை இருந்தது. அவருக்கு இரண்டும் இல்லை.

பிறகும் அந்த வீதி ஓயவில்லை. செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. திரும்பவில்லை. 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் குழந்தைகள், பெண்கள் உட்பட 184 பேர். பாதர் கடைசியாக ஓடிய அந்த 30 கிலோமீற்றருக்குள் நடந்தவை இவை. அவர் இருந்திருந்தால் அந்த முகாம் வாசல்களிலும் போய் நின்றிருப்பார்.

நான் அவரை ஒரே ஒரு தரம் கண்டிருக்கிறேன். போட்டி ஒன்று பார்க்க அண்ணன் கல்முனையிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போனார். கல்லடிப் பாலத்தில் பஸ் இரைச்சலோடு ஏறிய நேரம் எனக்குத் தலை சுற்றியது. போட்டியில் யார் வென்றார்கள் என்பதுகூட நினைவில்லை. திடலின் ஓரத்தில் வெள்ளை அங்கியில் ஓர் உயரமான வெள்ளைக்காரர் நின்றார். அவர்தான் பாதர் என்று அண்ணன் கை காட்டினார். அவ்வளவுதான். சின்ன வயது எனக்கு. பக்கத்தில் கச்சான் விற்ற பெண்ணைத்தான் நான் கூட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

காணாமல் போனவர்களுக்காக ஆணைக்குழுக்கள் வந்தன. 1994ஆம் ஆண்டு ஆட்சி மாறியதும் வடக்கு கிழக்குக்கு ஒன்று. பிறகு இன்னொன்று, இன்னுமொன்று. 2016ஆம் ஆண்டு காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது, 2018ஆம் ஆண்டு அலுவலகம் வேலை தொடங்கியது. பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் போனார். ஒவ்வொரு தரமும் அதே படம், அதே அடையாள அட்டைப் பிரதி, அதே அழுகை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னார்கள், மறுத்தார். பிறகு, இல்லாமைச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு, அதையாவது எடுங்கோ என்றார்கள். அதற்கும் யோசித்தார். எடுத்தால் பிள்ளை இல்லை என்று தான் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்ற பயம். அந்த வரிசைகளில் முஸ்லிம் தாய்மாரும் நின்றார்கள். ஒரு நாள் பெரியம்மாவுக்குத் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தவர் எங்கள் ஊர் முஸ்லிம் பக்கத்து அம்மா ஒருவர். அவருடைய மகனைப் புலிகள் கொண்டுபோனார்கள். எங்கள் வேப்பமரத்தடியில் அவனும் பந்து எறிந்தவன்தான். இரண்டு தாய்மாரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரே ஓட்டோவில் ஊருக்கு வந்தார்கள்.

ஹேபியர் பாதரைப் பற்றி மட்டக்களப்பில் நினைவுகூரல் நடக்கும்போது அவரைப் புனிதர் மாதிரிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர் அப்படி இருந்திருக்கலாம். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. அவர் எங்களோடு ஒரே பட்டியலில் இருக்கிறார் என்பதுதான் எனக்குப் பட்டது. சபையும் அமெரிக்க அரசும் விசாரித்தும் கிடைக்காத பதில், அரிசி வாங்கப் போன பிள்ளையைத் தேடிய பெரியம்மாவுக்கும் கிடைக்கவில்லை. பெரிய இடத்து ஆள் என்றால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நாங்கள் ஆரம்பத்தில் நினைத்தோம். பாதர் கிடைத்தால் அவரோடு சேர்த்து எங்கள் பிள்ளைகளின் தகவலும் வெளியே வரும் என்றுகூடப் பெரியம்மா நம்பியிருந்தார். 1990ஆம் ஆண்டு கடைசியில் மட்டக்களப்பிலிருந்து யார் வந்தாலும் முதலில் பாதர் வந்திட்டாரா என்றுதான் கேட்பார். தன் மகனைப் பற்றி இரண்டாவதாகத்தான் கேட்பார்.

வேப்பமரம் 2004ஆம் ஆண்டு வரைக்கும் நின்றது. சுனாமி கடற்கரையைத்தான் அடித்தது, எங்கள் வளவு வரை வரவில்லை. ஆனால் கடற்கரையிலிருந்து வந்த சொந்தங்களுக்குக் கொட்டில் போட இடம் தேவைப்பட்டது. மரத்தைத் தறித்தோம். பலகை எப்போதோ உக்கிப் போயிருந்தது. ரிம் மட்டும் மரப்பட்டைக்குள் பாதி புதைந்து இருந்தது. வாளால் அறுத்தவர் இரும்பில் பல் பட்டதும் ஏசினார்.

போன வருடம் பெரியம்மாவின் படிவம் ஒன்றைத் திருப்பி நிரப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அவருக்குக் கண் தெரியாது, நான்தான் எழுதினேன். கடைசியாகக் காணப்பட்ட திகதி, கடைசியாகக் காணப்பட்ட இடம், அணிந்திருந்த உடை, அடையாளங்கள் என்று வரிசையாகக் கேட்டிருந்தது. அடையாளங்கள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். இடக்கையாலும் பந்து அடிப்பான் என்று எழுது என்றார். எழுதினேன்.